பெட்டி அத்தை நிறுத்திவைத்த மனுக்கள்

அவர் யாரிடமும் எதையும் நேராகக் கேட்கமாட்டார். பேருந்தில் ஏறினால் கண்டக்டர் ஒரு முழம் தள்ளி நின்றிருப்பார். இவர் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "சித்தூருக்கு ஒண்ணுன்னு அவருகிட்ட சொல்லும்மா" என்பார். அந்தப் பெண் தெலுங்கில் சொல்லுவாள். கண்டக்டர் டிக்கெட்டை இவரிடமே நீட்டினாலும் வாங்கமாட்டார். அதையும் அந்தப் பெண்தான் வாங்கித் தர வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய கணவர் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அத்தை சமையலறையிலிருந்து என்னைப் பார்த்து, "உங்க மாமாவ துன்ன வரச் சொல்லு" என்பார். மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவரும் என்னிடமே, "ரெண்டு நிமிஷத்துல வரேன்னு சொல்லு" என்பார். நான் எடுத்துச் சொல்லும்வரை இருவரும் காத்திருப்பார்கள். யாரும் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று மாமாவை ஒருமுறை கேட்டேன்.

"பூனை இருக்குதே" என்றார்.

எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பதினாறு வயதுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவர் எங்களுக்கு உறவு இல்லை. தெருவுக்கே அத்தை. சித்தூரிலிருந்து பாலசமுத்திரம் போகும் சாலையில் எங்கள் கோயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தெலுங்கில் நடக்கும். செவ்வாய் மாலை புனித அந்தோணியார் நவநாள் மட்டும் தமிழில். அன்றைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே அல்ல. சுற்று ஊர்களிலிருந்து மெழுகுவத்தியும் உப்புப் பொட்டலமுமாக வருவார்கள். அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் பச்சை வண்ணம் அடித்த ஒரு தகரப் பெட்டி. மேலே காசு போடும் உண்டியல் மாதிரி ஒரு கீறல். மனு எழுதி அதில் போட வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. அதனால் பெட்டி அத்தை.

ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறப்பார். பூசைக்கான உடைகள் வைக்கும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து மனுக்களைப் பிரிப்பார். ஆறரைக்கு மைக்கில் படிப்பார். அப்போதிருந்த பங்குச் சாமியார் வயதானவர், தெலுங்குக்காரர், தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்பதெல்லாம் அத்தையின் பொறுப்பு.

அவர் எதையும் எழுதியிருந்தபடி படிக்கமாட்டார். அவருக்கென்று ஒரு பாஷை இருந்தது. "உடல்நலம் வேண்டி ஒரு தாயார்." "வெளிநாட்டு வேலை வேண்டி ஓர் இளைஞர்." "குழந்தை வரம் வேண்டி ஒரு தம்பதியர்." ஒவ்வொன்றுக்கும் நாங்கள், "புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, தன்னை அடிக்கிற புருஷனின் கை விளங்காமல் போக வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தாள். போட்டதை வழியெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தை அதை, "குடும்ப சமாதானம் வேண்டி ஒரு சகோதரி" என்று படித்தார். அவள் என் அம்மாவின் பக்கம் திரும்பி, "நான் எங்க சமாதானம் கேட்டேன்?" என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறைக்கல்வி வகுப்பும் அத்தைதான் எடுத்தார். புனிதர்களிடம் ஏன் வேண்டுகிறோம் என்று அவர் விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது.

"எம்.ஆர்.ஓ. ஆபீஸுக்கு, அதான் தாசில்தார் ஆபீஸுக்குப் போறீங்க. நேரா எம்.ஆர்.ஓ. ரூமுக்குள்ள பூந்துடுவீங்களா? வெளிய அட்டெண்டர் இருக்கான். உள்ள கிளார்க் இருக்கான். அர்ஜியக் கொண்டுபோய் எவன்கிட்ட குடுக்கணுமோ அவன்கிட்ட குடுக்கணும். அவன் பாத்து, சரியாக்கீதுன்னா மேல அனுப்புவான். மோட்சத்துலயும் அப்படித்தான்."

யார் யாரிடம் எதைக் கொடுப்பது என்பதற்கு அவரிடம் முழுப் பட்டியல் இருந்தது. தொலைந்த பொருள், அந்தோணியார். கண், லூசியம்மாள். தொண்டை, பிளேசியார். இனி வழியே இல்லை என்றால் யூதா ததேயு. எந்தப் புனிதரிடம் போவதற்கும் முன்னால் மாதாவின் காதில் ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும். இதை நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைத்தேன். எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். உலகத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்று முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான். அந்த வயதில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அவரை வெறுத்தே வளர்ந்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் மடியில் உட்கார்ந்து ஜெபமாலை மணிகளை எண்ணக் கற்றவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய வழி வெளியுலகத்தில் வேலையும் செய்தது. எங்கள் தெருவில் ஒரு விதவையின் பென்ஷன் நின்றுபோனபோது, அத்தை ஆபீஸ் பக்கம் கால்கூட வைக்கவில்லை. பள்ளிக்கூடத்து சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் தலைமையாசிரியரிடம் சொன்னார். அவர் சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் தன் பழைய மாணவியிடம் சொன்னார். மூன்றாம் மாதம் பென்ஷன் வந்துவிட்டது. அந்த அம்மாள் அத்தையின் காலில் விழப் போனாள். அத்தை ஒதுங்கிக்கொண்டு என்னிடம், "அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு" என்றார். அந்த அம்மாள் எதிரில்தான் நின்றிருந்தாள்.

இனி என் விஷயம்.

எனக்கு எட்டு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் வலிப்பு வந்ததாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்தோணியார் முன்னால் போட்டு, பிழைத்தால் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பக்கத்தில் அத்தை இருந்தார். வாயால் சொன்னால் போதாது என்று அதைத் தாளில் எழுதி, அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பெட்டியில் போட்டவர் அவர்தான். பிறகு மருத்துவமனையில் பத்து நாள் வைத்தியம் நடந்து நான் பிழைத்தேன். அன்றிலிருந்து நான் கணக்கில் மடத்துப் பெண். தெருவில் என்னை, "சிஸ்டர் வராங்க, வழி உடு" என்று கேலி செய்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அத்தை மைக்கில், "தன் மகளைத் துறவறத்துக்கு அர்ப்பணித்துள்ள ஒரு தாயார்" என்று படிப்பார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை வகுப்பையே பாலிசெட் என்கிற பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வை எழுதவைத்தார். எனக்கு நல்ல ரேங்க் வந்தது. திருப்பதியில் பெண்கள் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இடம் கிடைத்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றால் என்னவென்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. வீட்டுக்குச் சொல்லாமல் ஆசிரியையோடு போன கவுன்சலிங்கில் காட்டிய படத்தில் ஒரு பெண் நீலச் சட்டையும் தலைக்கவசமும் போட்டு ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாக வேண்டும் என்று தோன்றியது. மூன்று வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதே ஜூன் மாதம்தான் மடத்திலும் புதிய பெண்களைச் சேர்ப்பார்கள்.

யாரிடம் சொல்லலாம் என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். அம்மா: நேர்ந்தவளே அவள், அழுவாள். நைனா: பால் வண்டி ஓட்டிவிட்டு வந்து, "உங்கம்மாவக் கேளு" என்பார். சாமியார்: எதுவானாலும் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்பார். மூன்று பேரையும் அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தவர் அந்தோணியார்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். "புனித அந்தோணியாரே, அம்மா நேர்ந்தது எனக்குத் தெரியும். எனக்கு மடத்துக்குப் போக விருப்பம் இல்லை. திருப்பதியில் சீட் வந்திருக்கிறது. கடவுளிடம் சொல்லி என்னை விட்டுவிடச் சொல்லும். அது அம்மாவுக்கும் தெரியும்படி செய்யும்." கீழே பெயர் எழுதினேன். பெயர் இல்லாத விண்ணப்பத்தை எந்த ஆபீஸிலும் எடுக்கமாட்டார்கள் என்று அத்தைதானே சொல்லியிருந்தார்.

முதல் செவ்வாய் படிக்கவில்லை. இரண்டாம் செவ்வாய், "படிப்பு வேண்டி ஒரு மாணவி" என்று படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வார்த்தையே "சப்ளிமெண்டரி பரீட்சையில் தேர்ச்சி பெற" என்று வந்தது. அது வேறு யாரோ. மூன்றாம் செவ்வாய்க்கு முன்தினம் சீட்டின் கெடு முடிந்தது. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். உடல்நலம், வேலை, வீடு, மழை. அவ்வளவுதான்.

அந்தோணியார் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஶ்ரீசிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். தொட்டியில் ஒரு கருவி இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் ஒரு திரை இருக்கும். நடுவில் தகவலைக் கொண்டுபோக டிரான்ஸ்மிட்டர் என்று ஒன்று இருக்கும். தொட்டி காலியாக இருந்தாலும் அது சும்மா இருக்காது. காலி என்பதற்கென்று ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள், தொட்டி காலி என்று பொருள் இல்லை. முதல் ஆண்டிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒரு தகரத் தொட்டிக்கே இவ்வளவு முன்யோசனையோடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு இல்லை. கம்பி அறுந்ததை நான் பதில் என்று நினைத்தேன்.

மடம் ராமகுப்பம் பக்கத்தில் இருந்தது. பின்னால் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும். அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. காலை ஜெபம், இலை பறிப்பது, சமையல், மாலை ஜெபம். பத்து மாதம் இருந்தேன். பதினோராம் மாதம் மதர் என்னைக் கூப்பிட்டார். கேரளக்காரர். சுற்றி வளைக்கமாட்டார்.

"உனக்கு இங்கே இருக்க ஆசை உண்டா?"

அதுவரை என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. "இல்லை மதர்" என்றேன்.

"பின்னே யாரிடமும் சொல்லவில்லையா?"

"அந்தோணியாரிடம் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை மதர். அம்மா எனக்காக நேர்ந்துட்டாங்க. அதனால..."

"நேர்ந்தது யார்?"

"அம்மா."

"அப்போ அம்மாவை இங்கே வந்து சேரச் சொல்லு. ஒருத்தர் நேர்ந்தால் அது அவரை மட்டும்தான் கட்டும். மகளைக் கட்டாது. இது திருச்சபைச் சட்டம். உன் பங்கில் இதை யாரும் சொல்லவில்லையா?" அவர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த மணியை அடித்து, என் பெட்டியை எடுத்துவைக்கச் சொன்னார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடத்தை யாராவது ஒருவர் ஓராண்டுக்கு முன்னால் எனக்குத் தந்திருக்கலாம் என்று பேருந்து முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்கு வந்தபோது பழைய சாமியார் மாற்றலாகிப் போய், தமிழ் தெரிந்த இளம் ஃபாதர் ஒருவர் வந்திருந்தார். வீட்டுக்குள் துணிப்பெட்டியை வைத்த கையோடு கோயிலுக்குப் போனேன். அம்மா அப்போது வேலையில் இருந்தாள். என் மனுவை ஏன் படிக்கவில்லை என்று ஃபாதரிடம் கேட்டேன்.

"மனுக்களை அந்த அம்மாதான் பிரிக்கிறாங்க. எனக்குத் தெரியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து உட்காரச் சொன்னார். "கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவுல நிக்கிறவர் இயேசு ஒருத்தர்தாம்மா. புனிதர்கள் நடுவுல நிக்கிற ஆபீசர் கிடையாது. மன்றாட்டு மாலையைக் கவனிச்சுப் பாரு. கடவுளைக் கூப்பிடறப்ப 'எங்கள்மேல் இரக்கமாயிரும்'னு சொல்றோம். புனிதர்களைக் கூப்பிடறப்ப 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னுதான் சொல்றோம். அவங்களும் நம்ம வரிசையில நின்னு கேக்கறவங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்ட எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கற மாதிரி. யாரும் மனுவை வாங்கி, பாத்து, மேல அனுப்பறதில்ல. நீ எழுதறதுக்கு முன்னாலயே கடவுளுக்கு அது தெரியும்."

"அப்ப பெட்டி எதுக்கு ஃபாதர்?"

"எல்லாரும் சேர்ந்து வேண்டறதுக்கு. ஒருத்தர் கஷ்டம் மத்தவங்க காதுல விழறதுக்கு."

"என் கஷ்டம் யார் காதுலயும் விழலையே."

"கடவுள் காதுல விழுந்துச்சு."

"அவர் காதுல விழுந்தது சரி ஃபாதர். மைக்குல படிச்சிருந்தா எங்கம்மா காதுல விழுந்திருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்துச்சு."

அவர் நல்லவர். தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். பிறகு, "அவங்களையே போய்க் கேளு. நேரா கேளு" என்றார்.

போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமாவிடம், "இவ இன்னாத்துக்கு மடத்த உட்டு வந்துட்டான்னு கேளு" என்றார்.

"என் மனுவ இன்னா பண்ணீங்க அத்தை?" என்றேன்.

அவர் பதறவில்லை. கள்ளத்தனம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். "எதையும் கிழிச்சிப் போடல. எல்லாம் பத்திரமாக்கீது" என்றார், பெருமையாக.

டப்பா நிறையத் தாள்கள். அனுப்பத் தகுதியில்லை என்று அவர் நிறுத்திவைத்தவை. வீட்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டு மனுவையும் சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார். சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராகப் போட்டவை, சாபம் கேட்டவை, காதலித்தவனோடு சேர்த்துவைக்கச் சொன்னவை. எத்தனை செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் அந்த பெஞ்சுகளில் என்னைப் போல உட்கார்ந்திருந்தார்களோ.

"உங்க வூட்லருந்து ஏற்கெனவே ஒரு அர்ஜி போயிருக்குது" என்றார். "உங்கம்மாது. நான் எழுதினதுதான். அது போயி, வேண்டினது நடந்து, நீ பொழைச்சிட்ட. அப்புறம் நீ மாத்தி ஒண்ணு போட்டா நான் எப்படிக் குடுக்கிறது? அந்தோணியார் எதக் கொண்டுகினு போவாரு? அவருக்கு சங்கடம் பண்ணலாமா?"

"அது அவர் பாடு அத்தை. நீங்க யாரு நடுவுல?"

"நான் யாரு? நான் ஒண்ணுமே இல்ல. பெட்டியத் தொறக்கறவ."

நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். தான் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் என் வாழ்க்கையில் ஓராண்டை ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடினார். அதிகாரம் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவர்களோடு சண்டையாவது போடலாம்.

என் வீட்டுத் தாள்களை உருவித் தந்தார். மேலே என் மனு. நோட்டின் கிழிந்த ஓரம்கூட அப்படியே இருந்தது. அதோடு சேர்த்து ஊக்கு குத்தி இன்னொரு தாள். தெலுங்கு எழுத்து. படித்தால் தமிழ். எங்கள் தெருவில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான். தெலுங்கு மீடியத்தில் ஐந்தாவதுவரை படித்த என் அம்மா.

"அந்தோணியாரே, கொழந்த செத்துடும்னு பயந்து நேர்ந்துட்டேன். இப்ப மனசு வரல. அதுக்குப் படிக்கணும்னு ஆச இருக்கும் போலக்கீது. வாய் தொறந்து சொல்ல மாட்டேங்குது. நேர்ந்தத மன்னிச்சி உட்டுடச் சொல்லும். வேற இன்னா கேட்டாலும் செய்யிறேன்."

மூலையில் அத்தையின் கையெழுத்தில் தேதி இருந்தது. என் மனுவின் மூலையிலும் தேதி இருந்தது. இரண்டும் ஒரே தேதி. ஒரே செவ்வாய்க்கிழமைப் பெட்டியிலிருந்து இரண்டையும் எடுத்து, இரண்டும் ஒன்றையே கேட்கின்றன என்று படித்துத் தெரிந்துகொண்டு, இரண்டையும் சேர்த்து ஊக்கு குத்தியிருக்கிறார்.

"எங்கம்மாதுமா?" என்றேன்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். வாபஸ் கேக்கற அர்ஜிய எப்படி அனுப்பறது?"

தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலும் அங்கே நின்றிருந்தால் கீரைத் தட்டை உதைத்திருப்பேன்.

அம்மா மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். நான் திடீரென்று வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்து, "இன்னாடி, உடம்பு சரியில்லியா?" என்றாள். இரண்டு தாள்களையும் கையில் கொடுத்தேன். தன்னுடையதை அடையாளம் கண்டதும் முகம் சுருங்கியது. பிறகு என்னுடையதைப் படித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"நீ இன்னாத்துக்கு என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"நீ ஏம்மா கேக்கல?"

"மூணு வாரம் உக்காந்துகினு இருந்தேன், எப்பப் படிப்பாங்கன்னு. படிக்கவேயில்ல. சரி, அவரு உட மாட்டேன்னுட்டாருன்னு நெனச்சேன்."

"நானும் அதே மூணு வாரம் உக்காந்திருந்தேம்மா. உன் பக்கத்துல."

ஒரே பெஞ்ச். அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அம்மாவின்மேலும் கோபம் வந்தது. என்மேலும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நாங்கள் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தவர்கள். பேசியதை எடுத்து டப்பாவில் வைத்தவர் வேறு ஒருவர். இரண்டையும் ஒரே வரிசையில் எழுத நான் இன்றும் தயாராக இல்லை.

அம்மா கை கழுவவில்லை. புடவையை மாற்றவில்லை. "வா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அத்தை கீரையை முடித்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதினாறு ஆண்டுகளாக அம்மா தன் கவலைகள் எல்லாவற்றையும் அவரிடம்தான் கொடுத்துவந்தாள். அவர் வாங்கி வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார் என்று நம்பியிருந்தாள். அம்மா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டு தாள்களையும் அவர் கண்முன் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான்.

அத்தை கொஞ்ச நேரம் தாள்களைப் பார்த்தார். முதல் முறையாக அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். அம்மாவிடம், மிகவும் தணிந்த குரலில், "உன் பொண்ணுகிட்ட சொல்லு... மனசுல ஒண்ணும் வெச்சிக்க வேணான்னு சொல்லு" என்றார்.

"நீயே சொல்லுக்கா" என்றாள் அம்மா. "எதிர்லதான நிக்கிறா."

அத்தை என் பக்கம் திரும்பினார். என் கண்ணைப் பார்க்க முயன்றார். பார்வை என் தோள்வரை வந்து நின்றுவிட்டது. பிறகு அவர் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் போயிற்று. அங்கே குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் படம். "அந்தோணியாரே, இந்தக் கொழந்தைகிட்ட..." என்று தொடங்கினார்.

"அவர இன்னாத்துக்குக் கூப்புடற?" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "அவரு அப்பவே கேட்டிருப்பாரு. இவளுக்குத்தான் இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல. இவகிட்ட சொல்லு."

அத்தை சொல்லவில்லை. நாங்கள் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா அவசரப்படுத்தவில்லை. எனக்கும் நகரத் தோன்றவில்லை. ஒரு சொல்தான். மூன்று நிமிடம்கூட வேண்டாம். கடைசியில் அம்மா தாள்களை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம், "மறுபடியும் அந்தப் பரீட்ச எப்பன்னு சொல்லு. நான் கூட வரேன்" என்றாள்.

மறு ஆண்டு எழுதினேன். அதே பிரிவில் சேர்ந்தேன். இளம் ஃபாதர் பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். டப்பாவிலிருந்த மனுக்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அத்தை அதற்குப் பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நான் விடுமுறைக்கு வந்தால் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது, "அந்தப் பொண்ணு நல்லாக்கீதான்னு கேளு" என்பார். அவர்கள் வந்து கேட்பார்கள். நான் அவர்களைத் தாண்டி அவர் முகத்தைப் பார்ப்பேன். பதில் சொல்லமாட்டேன்.

போன ஆண்டு இறந்துபோனார். கடைசி மாதங்களில் என் அம்மா மூலம் ஒருமுறை, ஃபாதர் மூலம் ஒருமுறை, மாமா போன் செய்து ஒருமுறை, அவர் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்கள். ஶ்ரீசிட்டியிலிருந்து சித்தூருக்கு மூன்று மணி நேரம். போனேன். கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அத்தை, நான் வந்திருக்கேன். சொல்லுங்க" என்றேன். கண் திறந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. மாமா எழுந்து வெளியே போனார். அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு சொல்லை அவர் என்னிடம் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நானும் யார் மூலமும் சொல்லி அனுப்பவில்லை.